பானை சொல்லும் காலக்கணக்கு

நல்லதண்ணி மாணவர் சிலருக்கு முதுமக்கள் தாழியைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தோம். ஒருவர் எழுந்து, "சேர், எங்கள் லயத்திலும் பாட்டியின் பழைய மண்பானை ஒன்று உண்டு. அதற்கும் தாழிக்கும் வயதை எப்படி அறிவது? பானையில் ஆண்டு எழுதியிருக்காதே!" என்றார். வகுப்பே சிரித்தது. ஆயினும் அறிஞர் பலர் ஆயுள் முழுதும் ஆராய்ந்த வினா அது.

புத்தளத்துக்கு வடக்கே பொம்பரிப்பில் 1970ஆம் ஆண்டு பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்த தாழிகளும், பொருநைக் கரையின் ஆதிச்சநல்லூர்த் தாழிகளும் தம்முள் ஒத்தவை. உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான கலங்கள் ஈரிடத்தும் உள. எனினும், இவ்வகைக் கலங்களைக் குயவர் பல நூற்றாண்டுகள் வனைந்தனர். ஆகவே, வடிவமும் நிறமும் பொதுவான காலப்பகுதியைக் காட்டுமேயன்றி ஆண்டைக் காட்டா.

ஆண்டைக் காட்டுவது யாது? பழனியை அடுத்த பொருந்தலில் 2009, 2010ஆம் ஆண்டுகளில் பேராசிரியர் கா. இராசன் தலைமையில் ஈமக்குழிகள் அகழப்பட்டன. ஒரு குழியில், நான்கு கால்களையுடைய சாடியில் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல் இருந்தது. உடன் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த புரிமணையும் கிடைத்தது.

உயிருள்ளவை காபனை ஏற்கின்றன, இறந்தபின் ஏற்பதில்லை. அவற்றிலுள்ள காபன்-14 என்னும் கதிரியக்கப் பொருள் 5730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும். எஞ்சியதை அளந்தால் நெல் விளைந்த காலம் புலப்படும். பொருந்தல் நெல்லுக்குக் கி.மு. 490 என முடிவு வந்தது. ஒருங்கே புதைத்தமையால் எழுத்தும் அக்காலத்ததே என்பது அகழ்ந்தோர் கருத்து. அசோகருக்கு முன்னரே தமிழ் எழுதப்பட்டதா என்னும் பெரிய விவாதம் ஒரு சாடி நெல்லைச் சார்ந்து நிற்கிறது!

வெறும் பானைக்கும் வழி உண்டு. சூளையில் வெந்த நாள் முதலாக, மண்ணிலிருந்து வரும் கதிர்வீச்சின் ஆற்றலைப் பானையிலுள்ள மணல்துகள்கள் சேமிக்கின்றன. ஆய்வுகூடத்தில் சூடாக்கினால் அது மெல்லொளியாக வெளிப்படும். அவ்வொளியை அளந்து வயதைக் கணிப்பர். அக்கணக்குக்குப் பானையைச் சூழ்ந்திருந்த மண்ணும் வேண்டும்.

இங்கேதான் நல்லெண்ணமே கேடு செய்கிறது. கிடைத்த பானையை வெளியே எடுத்து, உள்ளிருந்ததைக் கொட்டிக் கழுவி அலுமாரியில் வைத்தால் அழகு எஞ்சும், வரலாறு போய்விடும். தோட்டத்தில் கான் வெட்டும்போதோ, ஊரில் கிணறு தோண்டும்போதோ இத்தகையது தென்பட்டால், கை வையாது கிராம அலுவலர் வாயிலாகத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவித்தல் வேண்டும்.

அம்மாணவருக்கு நாம் கூறிய விடையும் இதுவே: "உம் பானையின் வயதைப் பாட்டி சொல்வார். தாழிக்கு அதனுள் கிடக்கும் நெல்மணியே பாட்டி."