ஐந்து கோட்டு அணில்

சென்ற வருடம் என் பேத்தி பள்ளிக்கூடத்துக்காக ஓர் அணில் படம் வரைந்தாள். முதுகில் மூன்று கோடு போட்டாள். சேதுபாலம் கட்டியபோது ராமபிரான் அணிலின் முதுகைத் தடவிக்கொடுத்த கதையை அவளுக்குச் சொன்னவன் நான்தான். ஆகவே மூன்று கோடு. மறுநாள் காலை பால்கனியிலிருந்து ஓடிவந்து, "தாத்தா, நம்ம அணிலுக்கு அஞ்சு கோடு இருக்கு!" என்றாள்.

"அதெல்லாம் இருக்காது" என்றேன், பெரியவர்கள் வழக்கப்படி.

அவள் விடவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு என் பழைய ஆல்பங்களைப் புரட்டினேன். முப்பது வருடத்துக்கு மேலாக நான் படம் பிடித்து வைத்திருக்கும் டெல்லி அணில்கள் அத்தனைக்கும் ஐந்து கோடு! நடுவில் மூன்று அழுத்தமாக, இரண்டு விலாவிலும் ஒவ்வொன்று சற்று மங்கலாக. நம் ஊரில் நாம் பார்த்து வளர்ந்தது மூன்று கோட்டு அணில். வடக்கே இருப்பது ஐந்து கோட்டு அணில். இரண்டும் வேறு வேறு இனங்கள். "அப்போ இங்க மட்டும் ராமர் அஞ்சு விரலாலயும் தடவினாரா?" என்று கேட்டாள் பேத்தி. எனக்குப் பதில் தெரியவில்லை. காமிரா அத்தனை வருடமும் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

இதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. தெற்கே ஒன்று, இங்கே ஒன்று என்று தேடத் தொடங்கினோம். ஊரில் கோயில் மதிலில் உட்கார்ந்து தேங்காய் மூடியைப் பிடுங்குவது நீளமான வாலும், தலையில் குல்லாய் கவிழ்த்தாற்போல் மயிரும் உள்ள குரங்கு. இங்கே ஆபீஸ் தாழ்வாரத்தில் ஃபைலைக் கிழிப்பது சிவந்த முகமும் குட்டை வாலும் உள்ளது. நியூ டெல்லி ஸ்டேஷனில் பூரித் துணுக்கைப் பொறுக்கும் மைனாக்களைப் பாருங்கள். சிலவற்றுக்குக் கண்ணைச் சுற்றி மஞ்சள், அது நம் ஊர் மைனா. சிலவற்றுக்குச் செங்கல் நிறம், உடம்பும் சாம்பல். அது இந்தப் பக்கத்துக் கரை மைனா. எத்தனை முறை ஜி.டி. எக்ஸ்பிரஸுக்காக அந்தப் பிளாட்பாரத்தில் மூட்டை முடிச்சுகளோடு காத்திருக்கிறோம்! கரை மைனாவை ஒருநாளும் கவனித்ததில்லை.

நான் காமிராவைத் தொட்டது ஒரு தமிழரால்தான். எங்கள் ஆபீஸ் நூலகத்துக்கு ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை வரும். அதில் மா. கிருஷ்ணன் 'கன்ட்ரி நோட்புக்' என்ற பத்தியை 1950 முதல் 1996-இல் தாம் காலமாகும் வரை, நாற்பத்தாறு வருடங்கள் எழுதினார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் புதல்வர், பத்மஸ்ரீ பெற்றவர். வெவ்வேறு இடத்துப் பாகங்களைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட கனத்த காமிராவால் யானைகளைக் கருப்பு வெள்ளையில் படம் எடுத்தவர். ஆனால் காட்டு யானைக்கு ஒரு நியாயம், வீட்டுக் காக்கைக்கு ஒரு நியாயம் என்று அவரிடம் கிடையாது. மதிய உணவு வேளையில் அவருடைய பத்தியைப் படித்துவிட்டு, காட்டுக்குப் போக லீவும் பணமும் இல்லாத நான், வீட்டு வாசலிலேயே தொடங்கலாம் என்று துணிந்தேன்.

முதலில் ஒரு ஹாட் ஷாட் காமிரா. அதில் எடுத்த பறவையெல்லாம் படத்தில் கடுகு அளவு இருக்கும். நான்தான் விரலால் சுட்டிக் காட்டவேண்டும். பிறகு சாந்தினி சௌக் கூச்சா சௌத்ரியில் பழைய பென்டாக்ஸ் ஒன்றும் 200 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றும் வாங்கினேன். சுருளுக்கு 36 படம். கழுவி அச்சுப் போட்டு வரும்வரை என்ன விழுந்திருக்கிறது என்று தெரியாது. வீட்டில் நல்ல பேர் கிடைக்கவில்லை என்று சொல்லத் தேவையில்லை.

அந்தக் காலத்தில் நான் செய்த ஒரு காரியத்தை இங்கே சொல்லியாக வேண்டும். 1993, ஏப்ரல் மாதம். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸின் முதல் மாடி. டெல்லிக் குளிரில் கறிவேப்பிலையைக் காப்பாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று நம் பெண்மணிகளுக்குத் தெரியும். என் மனைவி சாக்குப் போர்த்திக் காப்பாற்றிய தொட்டிச் செடியில் ஒரு ஜோடி கொண்டைக்குருவி (இந்திக்காரர்களின் புல்புல்) கூடு கட்டி மூன்று முட்டை இட்டது. அன்றிலிருந்து ரசத்துக்குக் கறிவேப்பிலை இல்லை. கிள்ளக்கூடாது என்று உத்தரவு. குஞ்சுகளும் வந்தன. எனக்கோ படம் வேண்டும். கூட்டை மறைத்த இரண்டு கிளைகளைத் தையல் நூலால் இழுத்துக் கம்பியோடு கட்டினேன். வெளிச்சம் நன்றாக விழுந்தது. பாதிச் சுருள் தீர்ந்தது. ஆபீஸ் நேரமாகிவிட்டது, நூலை அவிழ்க்க மறந்து ஓடிவிட்டேன்.

சாயங்காலம் கூடு காலி. காக்கை கொண்டுபோனதைப் பக்கத்து வீட்டு அம்மாள் பார்த்திருக்கிறார். இலை மறைவைத்தான் அந்தக் குருவி நம்பியிருந்தது. அதை நான் விலக்கிக் காக்கைக்கு வழி காட்டினேன். என் மனைவி ஒன்றும் பேசவில்லை. கத்தரிக்கோலை எடுத்து வந்து நூலை வெட்டினாள். கழுவி வந்த படங்கள் பிரமாதமாக இருந்தன. வாயைப் பிளந்த மூன்று குஞ்சுகள், ஒவ்வொரு மயிரும் எண்ணலாம். அவற்றை ஆல்பத்தில் ஒட்டவிடவில்லை அவள்.

கூட்டுப் பக்கம் போகாதே, கிளையை ஒடிக்காதே, விளக்கு அடிக்காதே என்று இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன். கேட்பவர்கள் குறைவு. குளிர்காலத்தில் யமுனைக் கரையில் விடியற்காலை போய்ப் பாருங்கள். வடக்கேயிருந்து வரும் கடற்காக்கைகள் ஆயிரக்கணக்கில் படகுகளைச் சுற்றும். கைப்பிடி கைப்பிடியாகக் காராசேவை வீசி, அவை பாய்ந்து வருவதைச் சுட்டுத் தள்ளுகிறார்கள். சூரியோதயமும் மூடுபனியும் சேர்ந்து படம் அழகாகத்தான் விழுகிறது. எண்ணெயில் பொரித்த உப்புப் பண்டம் அந்தப் பறவையின் வயிற்றில் என்ன செய்யும் என்று படத்தில் தெரியாது.

நான் கொஞ்சமாவது ஒழுங்காகச் செய்தது இருவாச்சி விஷயத்தில். எங்கள் பிளாக்குக்குப் பின்னால் ஒரு கிழ வேப்பமரம். அதில் ஒரு பொந்து. 1994 கோடையில் சாம்பல் இருவாச்சி ஜோடி ஒன்று அங்கே வந்தது. காட்டில் இருக்கவேண்டிய பறவை சர்க்கார் குவார்ட்டர்ஸில் குடியேறியதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. பெண் பறவை உள்ளே போய், எச்சமும் மண்ணும் குழைத்துப் பொந்தின் வாயைத் தானே அடைத்துக்கொள்ளும்; அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்றுத்தான் மிச்சம். அடைகாத்துக் குஞ்சுகள் வளரும்வரை உள்ளேதான் வாசம். ஆண் பறவை ஆலும் அரசும் தேடிப் போய்ப் பழத்தைத் தொண்டையில் அடக்கி வந்து, ஒவ்வொன்றாக வாய்க்குக் கொண்டுவந்து கீற்று வழியாகக் கொடுக்கும். ஆணுக்கு ஏதாவது நேர்ந்தால் உள்ளே இருப்பவர்கள் கதி? ஆகவே நான் கீழே போகவே இல்லை. எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து, மனைவி தோசை வார்க்கும் இடைவெளியில் எடுத்த படங்கள்தான் எல்லாம். தோசைப் புகை சிலவற்றில் உண்டு. 1999 வரை அநேகமாக ஒவ்வொரு கோடையிலும் எடுத்தேன்.

நான் ஓய்வு பெற்று மயூர் விஹார் வந்துவிட்ட பிறகு, 2018 ஜூனில் செய்தி வந்தது. சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் முதலிய ஏழு குடியிருப்புகளை இடித்துக் கட்டப்போகிறார்கள், 16,000-க்கும் மேற்பட்ட மரங்கள் போகும் என்று. ஜனங்கள் மரங்களைக் கட்டிப்பிடித்து நின்றார்கள். உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. மரக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்த ஒரு கல்லூரி மாணவி, யாரோ சொல்லி என்னைத் தேடி வந்தாள். எந்த மரத்தில் எந்தப் பறவை கூடு வைத்தது என்பதற்கு அத்தாட்சி வேண்டுமாம். உற்சாகமாக நானூறு படங்களை எடுத்துப் பரப்பினேன்.

"எந்த வருஷம் அங்கிள்? எந்த மரம்?" என்று கேட்டாள்.

நானூறில் பதினொன்றுக்குத்தான் பதில் இருந்தது. அந்தப் பதினொன்றின் பின்னாலும் என் மனைவியின் கையெழுத்து: தேதி, மணி, "பின் வேம்பு, பொந்து". பால் கணக்கு எழுதும் பழக்கத்தில் எழுதியிருக்கிறாள். மற்றவை அழகான படங்கள், அவ்வளவுதான். அந்தப் பதினொன்றை அவள் வாங்கிக்கொண்டு போனாள்.

நானும் ஒருநாள் போய்ப் பார்த்தேன். பிளாக்கைச் சுற்றித் தகரம் அடைத்திருந்தார்கள். காவலாளி உள்ளே விடவில்லை. எங்கள் வேம்பு இருக்கிறதா இல்லையா என்று வெளியிலிருந்து தெரியவில்லை. தெருக்கோடி அரசமரத்தில் இருவாச்சியின் கீச்சுக்குரல் மட்டும் கேட்டது.

இன்று ஒவ்வொரு வீட்டிலும் நாலு செல்போன் இருக்கிறது. சுருள் செலவு இல்லை. தேதியை அதுவே குறித்துக்கொள்கிறது. இடத்தையும் செடியையும் நாம்தான் எழுதவேண்டும். மே மாதம் நிழலில் ஒரு மண் சட்டித் தண்ணீர் வையுங்கள். தவிட்டுக்குருவி, மணிப்புறா, அணில் எல்லாம் தாமே வரும். தினமும் கழுவி மாற்றவேண்டும், இல்லாவிட்டால் கொசு. எழுந்து நின்று எடுத்தால் அணில் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி விழும். தரையில் உட்கார்ந்து அதன் கண்ணுக்கு நேராக எடுங்கள். முட்டி வலிக்காரர்கள் மோடாவைப் பயன்படுத்தலாம், நான் அப்படித்தான். ஜன்னல் கண்ணாடியில் டெல்லிப் புழுதி இருக்கும். அதை முதலில் துடைக்கவேண்டும். வெளிச்சத்துக்கு பிப்ரவரி, மார்ச் போல் வராது. ஜூனில் எட்டு மணிக்கே வெயில் முகத்தில் அடிக்கும். சிட்டுக்குருவியை எங்காவது கண்டால் விடாதீர்கள். 2012-இல் டெல்லியின் மாநிலப் பறவை என்று அறிவித்தார்கள், எங்கள் அடுக்கு மாடியில் புறாக்களைத் தவிர ஒன்றையும் காணோம். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள், அந்த நாட்களில் தமிழ்நாட்டில் 2015 முதல் நடந்துவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் குழந்தைகளைச் சேர்த்துவிடலாம். கொல்லையில் கால் மணி நேரம் உட்கார்ந்து எண்ணினாலே போதும். போகும்போது அணிலின் கோட்டையும் எண்ணச் சொல்லுங்கள்.

பழைய கறிவேப்பிலையின் கன்றுதான் இப்போதும் எங்கள் பால்கனியில் இருக்கிறது. இந்த ஏப்ரலில் ஒரு ஜோடி கொண்டைக்குருவி இரண்டு நாள் சுற்றிச் சுற்றி வந்து, மூன்றாம் நாள் வாயில் நாருடன் வந்தது. சப்ஜிக்காரரிடம் கறிவேப்பிலை வாங்குகிறோம். பால்கனிக் கதவைப் பூட்டிச் சாவியை மனைவி எடுத்து வைத்துக்கொண்டாள். யாரை உத்தேசித்து என்று கேட்கவில்லை. பேத்தி சமையலறைக் கண்ணாடி வழியாக ஒரு படம் எடுத்திருக்கிறாள். இலைகள், அவற்றுக்கு நடுவே ஒரு சிவப்புப் புள்ளி, பாதி வால். அச்சுப் போட்டு வாங்கி வந்தவுடன் பாட்டியிடம் பேனா கேட்டாள்.