கொடுத்த அதிகாரத்தைத் திரும்பப் பெறுதல்

கால் தளர்ந்து வங்கிக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் அலைய இயலாத தகப்பனார், பிள்ளைகளில் ஒருவர் பேரில் பொது அதிகாரப் பத்திரம் (பவர்) எழுதிக் கொடுப்பது நம் குடும்பங்களில் சர்வ சாதாரணம். ஆனால் வாடகை வசூலிக்கவும் வரி கட்டவும் என்று நம்பி அவர் கையெழுத்திட்ட பத்திரத்தின் நடுப்பக்கத்தில், சொத்தைக் கிரயம் செய்து தொகையைப் பெற்றுக்கொள்ளவும் அதிகாரம் எழுதப்பட்டிருப்பதை, வீட்டைப் பார்க்க அந்நியர் வந்து நிற்கும் நாளில்தான் அவர் அறியும்படி நேர்ந்துவிடுகிறது.

அப்பெரியவரைச் சட்டம் கைவிடவில்லை. 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, பவர் பெற்றவருக்கே அச்சொத்தில் தனிப் பாத்தியதை இருந்தாலொழிய, கொடுத்தவர் அதை ரத்து செய்யலாம்; அதற்குப் பிள்ளையின் சம்மதம் வேண்டியதில்லை. பவர் பதிவான சார்பதிவாளர் அலுவலகத்திலேயே ரத்துப் பத்திரத்தையும் பதிவு செய்வது உத்தமம்.

இத்துடன் காரியம் முடிந்ததென்று அநேகர் வாளாவிருந்துவிடுவதுதான் பெரிய ஆபத்து. பவர் பெற்றவருக்குத் தெரிந்த பிறகே அவரைப் பொறுத்தும், வெளியாருக்குத் தெரிந்த பிறகே அவர்களைப் பொறுத்தும் ரத்து அமலுக்கு வரும் என்கிறது அச்சட்டத்தின் 208ஆம் பிரிவு. ஆகையால் பதிவு முடிந்த அன்றே பிள்ளைக்கு ஒப்புகையுடன் தபாலில் அறிவிப்பு அனுப்பி, வங்கி மேலாளருக்கும் குடியிருப்பவருக்கும் நகல் கொடுத்து, அவ்வூரில் புழங்கும் தினசரியில் பொது அறிவிப்பும் வெளியிட்டு, அசல் பவர் பத்திரத்தையும் கேட்டு வாங்கிவிட வேண்டும். இவற்றுள் ஒன்றை விட்டாலும், ரத்து நடந்ததே தெரியாமல் பணம் கொடுத்து வாங்கியவரோடு முதிய வயதில் வழக்காட நேரிடும். முன்பே நடந்துவிட்ட கிரயத்தை ரத்துப் பத்திரம் கலைக்காது. மோசடியென்றால், அது தெரிந்த நாளிலிருந்து 3 வருஷத்துக்குள் சிவில் வழக்குத் தொடுக்க வேண்டும். ரத்தாகும் வரை பிள்ளை வசூலித்த பணத்துக்குக் கணக்குக் கேட்கும் உரிமையும் தகப்பனாருக்கு உண்டு.

அண்ணன் பெயரிலுள்ள பவரைத் தாங்களே ரத்து செய்யலாமா என்று தங்கைமார் கேட்பதுண்டு. தகப்பனார் தெளிந்த அறிவோடு இருக்குமளவும் அந்த உரிமை அவருக்கே உரியது. பவர் எழுதிய காலத்திலேயே வயோதிகத்தாலோ நோயாலோ அவர் மனம் தெளிவற்றிருந்தது என்றாலோ, அண்ணன் தம் செல்வாக்கால் நிர்ப்பந்தித்தார் என்றாலோ, அது நீதிமன்றத்தில் சாட்சியங்களோடு நிரூபிக்க வேண்டிய விஷயம். பின்னாளில் புத்தி சுவாதீனம் போய்விட்டால் பவர் தானாகவே முடிந்துவிடுகிறது. ஆனால் ரத்துப் பத்திரத்தில் கையெழுத்திடும் திறனும் அதனோடு போய்விடுகிறது. அப்போது உயர் நீதிமன்றத்தை அணுகி, அவருக்குக் காப்பாளரை நியமிக்கக் கோருவது தவிர வேறு மார்க்கம் அரிது.

பெற்ற பிள்ளையைச் சந்தேகிப்பதா என்ற கூச்சத்தில் நாட்களைக் கடத்தும் பெரியோர்களே, மறதி தலைகாட்டுமுன், தெளிந்த மனநிலைக்கு மருத்துவர் சான்றும் பெற்று, இக்காரியத்தை முடித்துவிடுங்கள். வழிகேட்க ஆளில்லாதவர்கள், மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற இலவசத் தொலைபேசி எண்ணை அழைக்கலாம்.