மண்ணெண்ணெயில் பறக்கும் மாதிரி ஜெட்

தரையில் நின்று ரேடியோவால் ஓட்டும் பெரிய மாதிரி ஜெட் விமானத்தை விளையாட்டுச் சாமான் கணக்கில் சேர்க்க முடியாது. நாம் ஒரு காலத்தில் பீப்பாயிலிருந்து அளந்து விற்ற மண்ணெண்ணெய்தான் இதற்கு எரிபொருள். நூற்றுக்கு ஐந்து பங்கு டர்பைன் எண்ணெய் கலப்பார்கள். எஞ்சின் நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். 10 கிலோ உந்துவிசை எஞ்சினை முழு வேகத்தில் விட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு லிட்டர் குடிக்கும். நாலு லிட்டர் டேங்க் பன்னிரண்டு நிமிடம் தாங்கினால் அதிகம். நம் வியாபாரக் கணக்குக்கு இது கட்டாது!

ஜெர்மனியின் கர்ட் ஷ்ரெக்லிங் 1990 வாக்கில் ஒட்டுப்பலகையில் காற்றழுத்தச் சக்கரம் செய்தே இத்தகைய எஞ்சினை ஓட்டிக் காட்டினார். பெங்களூருவில் உருவாகி 2000-இல் நம் விமானப்படையில் சேர்ந்த 'லக்ஷ்யா'வும் ஆளில்லா ஜெட்தான். ஆனால் அது ராணுவக் குறிப்பயிற்சிக்கு.

பிள்ளைகள் கேட்டால் வாங்கித் தருமுன் சட்டத்தைப் பாருங்கள். 2021 ட்ரோன் விதிகள்படி மாதிரி விமானம் 25 கிலோவுக்கு மேற்படக்கூடாது, கண்பார்வைக்குள் பறக்கவேண்டும், படிப்பு, ஆராய்ச்சி, பொழுதுபோக்குக்கு மட்டுமே. கடைத் திறப்பு விழாவுக்கு விளம்பரத் துணி கட்டிப் பறக்கவிட்டால் அந்தச் சலுகை கிடையாது. சிறு அரிசி மூட்டை கனமுள்ள பொருள் மணிக்கு 200 கிலோமீட்டரில் கீழராஜவீதியில் விழுந்தால் என்னாகும்? ஊருக்கு வெளியே ஆள் நடமாட்டமில்லாத திடல், கையில் தீயணைப்புக் கருவி, வெளியார் இழப்புக்கு இன்சூரன்ஸ் மூன்றும் இல்லாமல் எஞ்சினைக் கிளப்ப விடாதீர்கள்.