பழைய இருக்கை, புதிய வாழ்வு

நுழையும்முன்

பழுதான பொருளைத் தூக்கி எறிவது எளிது. பழுது எங்கே உள்ளது, எதனால் ஏற்பட்டது என்று அறிந்து சீர்செய்வதற்கு அறிவும் பொறுமையும் வேண்டும். மகிழுந்தின் உள்ளே நைந்துபோன இருக்கை உறையையும் தொங்கிப்போன கூரைத் துணியையும் குறைந்த செலவில் சீரமைக்கும் முறைகளை இப்பாடம் விளக்குகிறது.

வாடகை மகிழுந்து ஓட்டுபவருக்கு வண்டியின் உட்புறமே கடையின் முகப்பு ஆகும். இயந்திரம் எவ்வளவு சீராக ஓடினாலும், கதவைத் திறந்தவுடன் கிழிந்த இருக்கையும் புழுங்கிய நாற்றமும் எதிர்ப்பட்டால் பயணி முகம் சுளிப்பார். அடுத்த முறை வேறு வண்டியைத் தேடுவார். பழைய வண்டி ஒன்றை வாங்கும் குடும்பத்தின் நிலையும் ஏறக்குறைய இதுவே. சேர்த்த பணம் வண்டியின் விலைக்கே சரியாகிவிடும்; இருக்கைகளை முழுவதும் மாற்றுவதற்கு மிச்சம் இராது. ஆகவே, எதற்குச் செலவிட வேண்டும், எதற்குச் செலவிட வேண்டியதில்லை என்று பிரித்தறிவதே சீரமைப்பின் முதல் வேலையாகும்.

இருக்கையின் அமைப்பு

மகிழுந்தின் இருக்கை பல அடுக்குகளால் ஆனது. அடியில் எஃகுச் சட்டமும், அதன்மேல் வளைகம்பிகளும், அவற்றின்மேல் மெத்தையும், எல்லாவற்றுக்கும் மேலாக உறையும் அமைந்துள்ளன. இக்கால இருக்கைகளில் மெத்தை பாலியூரித்தேன் என்னும் செயற்கைப் பஞ்சால் ஆனது. இதனைக் கடைகளில் 'ஃபோம்' என்பர். முற்கால வண்டிகள் பலவற்றில் ரப்பர்ப்பால் தெளித்துப் பதப்படுத்திய தென்னை நாரும் மெத்தையாகப் பயன்பட்டது.

உறை பெரும்பாலும் மூவகைப்படும். முதலாவது பாலியெஸ்டர் இழையால் நெய்த துணி. இரண்டாவது, துணியின்மேல் நெகிழிப் பூச்சுப் பூசிய ரெக்சின். மூன்றாவது விலங்குத் தோல். தோல் பதனிடும் தொழிலில் தமிழ்நாட்டின் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் பெயர் பெற்றவை. மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948 ஆம் ஆண்டு முதல் சென்னையில் இயங்கி வருகிறது.

நைவதற்குக் காரணங்கள்

உறையை நையச் செய்பவை வெயில், உராய்வு, வியர்வை, ஈரம் ஆகிய நான்கும் ஆகும். வெளியே 40 டிகிரி செல்சியசு வெப்பம் இருக்கும்போது, கண்ணாடிகளை மூடி வெயிலில் நிறுத்திய வண்டியின் உட்புறம் 60 டிகிரியையும் தாண்டிவிடும். அவ்வெப்பத்தில், ரெக்சினை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய் போன்ற பொருள் மெல்ல மெல்ல வெளியேறுகிறது. அதனால் ரெக்சின் விறைத்து, பின் வெடிக்கிறது. தில்லி, செய்ப்பூர் போன்ற நகரங்களில் இவ்வகைப் பழுது மிகுதி. மும்பை, கொல்கத்தா போன்ற ஈரக்காற்று வீசும் நகரங்களிலோ வெடிப்பைக் காட்டிலும் பூஞ்சையே பெருந்தொல்லை தருகிறது.

ஓட்டுநர் இருக்கையில் கதவை ஒட்டிய விளிம்பே முதலில் நைவதைக் காணலாம். ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் உடல் அவ்விளிம்பின் மீது உராய்வதே இதற்குக் காரணம். ஒரு நாளில் பலமுறை ஏறி இறங்கும் வாடகை வண்டியில் அவ்விளிம்பு சில ஆண்டுகளிலேயே கிழிந்துவிடும்.

பழுதைக் கண்டறிதல்

செலவைத் தீர்மானிப்பது பழுதின் இடமே ஆகும். கிழிசல் தையல் கோட்டின் வழியே மட்டும் சென்றிருந்தால், அற்றுப்போனது நூல்தான். உறை நன்றாகவே உள்ளது. அதனைச் சீர்செய்ய ஊசியும் நூலும் போதும். கிழிசல் உறையின் நடுவே இருந்தால் ஒட்டுப் போட வேண்டும். மெத்தையின் நிலையை அறிய, உள்ளங்கையால் அழுத்தி விட்டுப் பார்க்க வேண்டும். அழுத்திய இடம் உடனே எழும்பினால் மெத்தை நலமாக உள்ளது. பள்ளமாகவே நின்றாலோ, அடியிலுள்ள கம்பி கையில் தட்டுப்பட்டாலோ, மெத்தைக்கும் வேலை இருக்கிறது. பள்ளமான மெத்தையின்மேல் புதிய உறையைப் போட்டால், அது சில வாரங்களிலேயே சுருங்கித் தளர்ந்து, செலவழித்த பணம் வீணாகும்.

முதற்படி: தூய்மை செய்தல்

பழையது போலத் தோன்றும் இருக்கைகள் பலவும் உண்மையில் அழுக்கேறியவையே. ஆதலால், எதையும் மாற்றுவதற்கு முன் தூய்மை செய்து பார்த்தல் வேண்டும். முதலில் தூசியை உறிஞ்சியால் நீக்கிவிட்டு, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி மென்மையான சோப்பு நீர்மத்தைக் கலந்துகொள்ள வேண்டும். அதன் நுரையை மட்டும் மெல்லிய தூரிகையால் எடுத்துத் தேய்த்து, ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் முதலில் தேய்த்து, நிறம் மங்குகிறதா என்று பார்த்துக்கொள்வது நன்று.

இங்கே பலர் தவறுகின்றனர். இருக்கையின் மீது நீரைக் கொட்டிக் கழுவினால் மெத்தை நீரை உறிஞ்சிக்கொள்ளும். மேற்பரப்பு உலர்ந்தாலும் உட்புறம் பல நாள் ஈரமாகவே இருக்கும். அங்கே வளரும் பூஞ்சை நாற்றத்தை உண்டாக்கும். மூச்சிரைப்பு உள்ள குழந்தைகளுக்குத் தீங்கும் செய்யும். எனவே, குறைந்த நீரைப் பயன்படுத்தி, கதவுகளைத் திறந்து வைத்துக் காற்றில் உலர்த்த வேண்டும். பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் ஆகியவற்றால் துடைப்பது கூடாது. அவை ரெக்சினைக் கெடுப்பதோடு எளிதில் தீப்பற்றவும் கூடியவை.

இரண்டாம் படி: தையலும் ஒட்டும்

பிரிந்த தையலை இருக்கையைக் கழற்றாமலேயே தைத்துவிடலாம். இதற்கு அரைவட்டமாக வளைந்த ஊசி தேவை. ஏற்கெனவே உள்ள துளைகளின் வழியாகவே ஊசியைச் செலுத்தி, இருபுறமும் மாறி மாறி ஏணிப்படி போலத் தைத்து, இறுதியில் நூலை இழுத்தால் விளிம்புகள் ஒன்றுசேரும். நூலும் உள்ளே மறைந்துவிடும். பருத்தி நூல் வியர்வையிலும் வெயிலிலும் விரைவில் இற்றுவிடும். வெயிலைத் தாங்குவதில் நைலானைவிடப் பாலியெஸ்டர் நூலே சிறந்தது.

உறையின் நடுவே கிழிந்திருந்தால், கிழிசலைவிட எல்லாப் பக்கத்திலும் இரண்டு சென்டிமீட்டர் பெரிதாக ஒரு துணியை வெட்டி, உறையின் அடிப்பக்கமாக நுழைத்து, வளையும் தன்மையுள்ள பசையால் ஒட்ட வேண்டும். துணியின் மூலைகளை வட்டமாக வெட்டினால் அவை சுருண்டு கொள்ளா. நிறம் பொருந்தும் துணி கடையில் கிடைக்காவிட்டால் கவலை இல்லை. பின்னிருக்கையின் அடியில், கண்ணில் படாத இடத்தில் அதே துணி மிகுதியாக மடிக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து சிறு துண்டை வெட்டி எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: பகுதியை மட்டும் மாற்றுதல்

உறை என்பது ஒரே துணி அன்று. சட்டையைப் போலப் பல துண்டுகளைச் சேர்த்துத் தைத்தது. ஆகையால், விளிம்புத் துண்டு மட்டும் நைந்திருந்தால் அதனை மட்டும் மாற்றினால் போதும். தமிழ்நாட்டில் 'குஷன் வேலை' செய்வோர் என அழைக்கப்படும் கைவினைஞர்கள் இதில் தேர்ந்தவர்கள். அவர்கள் பழைய துண்டின் தையலைப் பிரித்து, அதனையே அச்சாக வைத்துப் புதிய துணியில் வரைந்து, தையலுக்கு ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு வெட்டுவர். பிரிப்பதற்கு முன்பே துண்டுகள் சேரும் இடங்களில் அடையாளக் கோடுகள் இடுவர். அக்கோடுகள் இல்லையேல் உறை முறுக்கிக்கொள்ளும்.

ரெக்சின் பெரும்பாலும் 54 அங்குல அகலத்தில், மீட்டர் கணக்கில் விற்கப்படுகிறது. துண்டுகளை முன்கூட்டியே தாளில் வரைந்து அடுக்கிப் பார்த்தால் வீணாகும் துணி குறையும். மெத்தையின் பள்ளத்தை நிரப்ப வாங்கும் ஃபோமின் அடர்த்தியையும் கேட்டு வாங்க வேண்டும். '40 டென்சிட்டி' என்றால், ஒரு கனமீட்டர் ஃபோமின் எடை 40 கிலோகிராம் என்பது பொருள். அடர்த்தி குறைந்த ஃபோம் மலிவானது. ஆனால் விரைவில் அமுங்கிவிடும். புதிய ரெக்சின் உறையைச் சிறிது நேரம் வெயிலில் காயவைத்து இளக்கிய பின் மாட்டினால், அது குளிர்ந்ததும் சுருக்கமின்றி இறுகி நிற்கும்.

தொங்கும் கூரைத் துணி

சில வண்டிகளில் கூரைத் துணி பிரிந்து தலையில் இடிக்கும். பலர் அதனுள் பசையைத் தடவி மேலே அழுத்துவர். ஒரு வாரத்தில் அது மீண்டும் தொங்கும். இதன் காரணம் எளியது. கூரைத் துணியின் பின்புறம் மெல்லிய ஃபோம் உள்ளது. வெப்பத்தால் அது பொடியாகிவிடுகிறது. பசை அப்பொடியைப் பற்றுகிறதே தவிர, கூரை அட்டையைப் பற்றுவதில்லை. ஆகவே அட்டையைக் கழற்றி, முகக்கவசம் அணிந்து, பழைய பொடி முழுவதையும் தூரிகையால் துடைத்தெடுத்த பிறகே புதிய துணியை ஒட்ட வேண்டும். இரு பரப்பிலும் ரப்பர்ப் பசையைத் தடவி, அது சற்று உலர்ந்து பிசுபிசுப்பாகும்வரை காத்திருந்து, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி அழுத்தினால் துணி உறுதியாக நிற்கும்.

உயிரோடு விளையாடலாகாது

சிக்கனத்திற்கும் ஓர் எல்லை உண்டு. சில மகிழுந்துகளில் இருக்கையின் பக்கவாட்டில் உயிர்காப்புக் காற்றுப்பை பொருத்தப்பட்டிருக்கும். மோதல் நேரும்போது, கண் இமைக்கும் நேரத்திற்குள் அப்பை குறிப்பிட்ட ஒரு தையலைக் கிழித்துக்கொண்டு விரியும். அவ்விடத்தை வலிய நூலால் தைத்தாலோ, சாதாரண உறையால் இறுக மூடினாலோ பை உரிய நேரத்தில் விரியாது போகலாம். ஆகவே இத்தகைய இருக்கையை வீட்டில் கழற்றவோ தைக்கவோ கூடாது. பயிற்சி பெற்றவரிடமே விட வேண்டும். அதுபோலவே, இருக்கைப் பட்டை நைந்திருந்தால் அதனைத் தைப்பதும் சாயமிடுவதும் தவறு; புதிய பட்டையே பொருத்த வேண்டும். அழகிற்கான செலவைக் குறைக்கலாம். பாதுகாப்பிற்கான செலவைக் குறைக்கலாகாது.

பொருள் கிடைக்கும் இடங்கள்

தில்லியின் கரோல் பாக் பகுதியில் இருக்கை உறைக் கடைகள் வரிசையாக உள்ளன. உடைக்கப்பட்ட வண்டிகளின் உறுப்புகளுக்குத் தில்லியில் மாயாபுரி, மும்பையில் குர்லா, கொல்கத்தாவில் மல்லிக் பசார், சென்னையில் புதுப்பேட்டை ஆகிய இடங்கள் பெயர் பெற்றவை. அதே வகை வண்டியின் நல்ல இருக்கை அங்கே கிடைத்தால், புதிதாகத் தைப்பதைவிட மலிவாக முடிவதும் உண்டு. வாங்கும்முன் சட்டம் வளைந்துள்ளதா, துருப்பிடித்துள்ளதா என்று நன்கு பார்த்து வாங்க வேண்டும்.

சீரமைத்த இருக்கையைக் காப்பதும் கடமையே. வண்டியை நிழலில் நிறுத்துதல், முன்கண்ணாடிக்குத் திரையிடுதல், சிந்திய தேநீரை அப்போதே ஒற்றியெடுத்தல் ஆகிய எளிய பழக்கங்கள் உறையின் ஆயுளை நீட்டிக்கும். ரெக்சினும் ஃபோமும் மண்ணில் எளிதில் மட்கா. ஓர் இருக்கையைச் சீர்செய்து மேலும் சில ஆண்டுகள் பயன்படுத்தும் குடும்பம் தன் பணத்தைச் சேமிக்கிறது; ஊரின் குப்பையையும் குறைக்கிறது; தைத்துத் தருபவரின் கைத்தொழிலையும் வாழவைக்கிறது.

சொல்லும் பொருளும்

நைதல் – தேய்ந்து மெலிதல்
இற்றுப்போதல் – வலுவிழந்து அறுந்துபோதல்
சிக்கனம் – அளவறிந்து செலவிடுதல்
மட்குதல் – மக்கி மண்ணோடு மண்ணாதல்

சிந்தித்து விடையளிக்க

1. ஓட்டுநர் இருக்கையின் கதவுப்பக்க விளிம்பு முதலில் நைவது ஏன்?
2. இருக்கையை நீர் கொட்டிக் கழுவினால் ஏற்படும் தீமைகள் யாவை?
3. தொங்கும் கூரைத் துணியில் பசையை மட்டும் தடவினால் நிலைக்காது, ஏன்?
4. 'அழகிற்கான செலவைக் குறைக்கலாம்; பாதுகாப்பிற்கான செலவைக் குறைக்கலாகாது' – இக்கூற்றைப் பாடப்பகுதி கொண்டு விளக்குக.
5. உன் வீட்டில் சீர்செய்து மீண்டும் பயன்படுத்தும் பொருள் ஒன்றனைப் பற்றிப் பத்து வரிகளில் எழுதுக.