திகில் விளையாட்டுக்கு அட்டைப்படம்: கவனிக்க வேண்டிய நான்கு

மாணவர்களே, ஸ்டீம் இணையக் கடையில் உங்கள் விளையாட்டை யாரும் முதலில் ஆடிப் பார்ப்பதில்லை; அட்டைப்படத்தைத்தான் பார்ப்பார்கள். அது ஈர்க்கலைன்னா, பல ஆண்டு உழைப்பையும் தாண்டிப் போய்விடுவார்கள்.

1. அளவு: சிறிய படத்தை 462 × 174 பிக்சலில் கொடுக்கிறோம். ஸ்டீம் அதை 120 × 45 வரை சுருக்கியும் காட்டும். அப்போதும் பெயரைப் படிக்க முடியணும்.

2. திகில்: படம் முழுக்க இருட்டா இருந்தா, கடையின் கரும் பின்னணியில் கரைஞ்சு போகும். ஓரிடமாவது பளிச்சென்று இருக்கட்டும். பேயை முழுசா காட்டாதீங்க. பாதி மறைந்த உருவம்தான் அதிகம் பயமுறுத்தும்.

3. கூட்டாளிகள்: 'ஃபாஸ்மோஃபோபியா' (2020) போன்றவற்றை நால்வர் வரை சேர்ந்து ஆடலாம். அத்தகைய விளையாட்டுக்கு ஒற்றை ஆளை மட்டும் வரைந்தால், வாங்குபவர் தவறாகப் புரிந்துகொள்வார். இரண்டு மூன்று கைவிளக்கு ஒளி இருந்தாலே 'நண்பர்களோடு ஆடலாம்' என்று புரிந்துவிடும்.

4. விதி: 2022 செப்டம்பர் 1 முதல், இப்படங்களில் விருது, விமர்சன மதிப்பெண், தள்ளுபடி வாசகம் எதுவும் கூடாது. ஓவியமும் விளையாட்டின் பெயரும் மட்டுமே பேசணும்.

வரைந்து முடித்ததும் படத்தைச் சுருக்கி, நண்பரிடம் ஒரே வினாடி காட்டுங்க. "என்ன வகை விளையாட்டு? தனியா ஆடுறதா, சேர்ந்து ஆடுறதா?" எனக் கேளுங்க. சரியான பதில் வந்தால், படம் தேறிவிட்டது.