பட்டா இல்லாத சொல்

திருச்சி பாலக்கரையில் ஒருவர் ‘கோயிலுக்குப் போகிறேன்’ என்று சொன்னால், எந்தக் கோயிலுக்கு என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அங்குள்ள உலக மீட்பர் பசிலிக்காவை ஊர் சகாய மாதா கோயில் என்றுதான் சொல்கிறது. காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குள் நுழைந்தாலோ, வைணவர்களுக்கு அடைமொழி எதுவும் இல்லாமல் ‘கோயில்’ என்றாலே அது அரங்கன் இருக்கும் இடம். ‘ஆண்டவன்’ என்ற சொல் இன்னும் அதிக வாசல்களில் ஏறி இறங்கியிருக்கிறது. பாலக்கரைத் திருப்பலியில் ஆண்டவர் என்றால் கிறிஸ்தவர் வணங்கும் இறைவன். ஸ்ரீரங்கத்து ஆண்டவன் ஆசிரமத்தின் அடியார்களுக்கு ஆண்டவன் என்றால் அவர்களுடைய ஆசாரியர். பழனி மலையில் தண்டம் ஏந்தி நிற்பவர் பழனி ஆண்டவர். நாகூரில் அடங்கியிருக்கும் ஷாகுல் ஹமீது வலியுல்லா நாகூர் ஆண்டவர். ‘ஆள்’ என்ற வினையில் பிறந்த ஒரே சொல் கடவுளுக்கும் குருவுக்கும் இறைநேசருக்கும் பொதுவாக நிற்கிறது. இதைத் தனக்கு மட்டும் எழுதித் தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் எந்தச் சமயமும் நீதிமன்றப் படி ஏறியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

நமக்கு இது மூச்சுவிடுவதைப் போல இயல்பாக இருக்கிறது. ஆனால் தமிழர்கள் கணிசமாக வாழும் மலேசியாவில் இதே கேள்வி பல ஆண்டு வழக்காக நடந்தது. ‘ஹெரால்ட்’ என்ற கத்தோலிக்க வார இதழ் தன் மலாய்ப் பக்கங்களில் கடவுளை ‘அல்லாஹ்’ என்று எழுதியது. அரசு தடுத்தது. 2009 டிசம்பர் 31 அன்று உயர் நீதிமன்றம் இதழுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அடுத்த சில நாட்களில் தேவாலயங்கள் தாக்கப்பட்டன. 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பைப் புரட்டியது. அந்தச் சொல் கிறிஸ்தவ சமயத்தின் இன்றியமையாத பகுதி அல்ல என்றது. 2014இல் கூட்டரசு நீதிமன்றமும் கதவை அடைத்தது. இத்தனைக்கும் 1629இல் அச்சான மலாய் மொழி மத்தேயு நற்செய்தியிலேயே அந்தச் சொல் இருக்கிறது. அரபு மொழி பேசும் கிறிஸ்தவர்கள் இன்றுவரை அல்லாஹ் என்றுதான் ஜெபிக்கிறார்கள். மால்டா நாட்டுக் கத்தோலிக்கர்களுக்கும் கடவுள் ‘அல்லா’தான். ஹெரால்டில் தமிழ்ப் பக்கங்களும் உண்டு. அந்தப் பக்கங்களில் கடவுளுக்கு என்ன பெயர் இடப்பட்டிருக்கிறது என்று யாரும் வழக்காடவில்லை. ஒரே இதழ், ஒரே சமயம். ஒரு மொழியில் குற்றமானது இன்னொரு மொழியில் பேச்சாகவே எழவில்லை.

காரணம், கடவுளின் பெயர்கள் தமிழில் நெடுங்காலமாகக் கைமாறிக்கொண்டே வந்திருக்கின்றன. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ என்ற கிறிஸ்தவ நூலின் தலைப்பிலேயே கடவுளின் பெயர் தம்பிரான். சைவ மடங்களின் துறவிகளுக்கும் அதே பெயர். அடுத்து வந்த கத்தோலிக்கர்கள் சருவேசுரன் என்றார்கள். அதில் ஈசுரன் இருக்கிறான் என்று தயங்கிய லூத்தரன் மிஷனரி ஃபப்ரீஷியுஸ், 1772இல் வெளியான தன் புதிய ஏற்பாட்டில் பராபரன் என்று எழுதினார். அந்தச் சொல்லாவது யாரும் தொடாததா? திருச்சியில் நாயக்கர் அரண்மனையில் பணிபுரிந்து, மலைக்கோட்டை இறைவனின் பெயரையே தாங்கியிருந்த தாயுமானவர் கண்ணிக்குக் கண்ணி ‘பராபரமே’ என்று உருகியது அதே 18ஆம் நூற்றாண்டில். தொண்டிக்கு அருகே 1792இல் பிறந்த சூஃபி ஞானி குணங்குடி மஸ்தான் சாகிபு தாமும் ஒரு பராபரக்கண்ணி பாடினார். சைவர், லூத்தரன், சூஃபி மூவருக்கும் வாயில் வந்தது ஒரே சொல். பிற்காலத்தில் 1871ஆம் ஆண்டுத் திருத்திய பைபிள் ‘தேவன்’ என்றது. தேவனுக்குத் தேவியும் உண்டு, தேவர்கள் என்ற பன்மையும் உண்டு என்ற மறுப்பு எழுந்தது. 1995இல் வந்த திருவிவிலியம் ‘கடவுள்’ என்றது. கறை படாத சொல்லைத் தேடிய ஒவ்வொருவரும் போய்ச் சேர்ந்தது இன்னொருவர் ஏற்கெனவே வணங்கிய சொல்லில்தான். வேறு வழியும் இல்லை. யாரும் தொடாத சொல் யாருக்கும் புரியாது. 1549இல் ஜப்பானில் இறங்கிய பிரான்சிஸ் சவேரியார் முதலில் பௌத்தர்களின் ‘தைநிச்சி’ என்ற பெயரைக் கடவுளுக்குச் சொன்னார். பிறகு பயந்து லத்தீனின் ‘தேயுஸ்’ என்பதையே வைத்தார். ஜப்பானியர் காதில் அது ‘பெரும் பொய்’ என்ற பொருளுள்ள சொல்லைப் போல விழுந்தது.

இப்படிச் சொற்களைப் பகிர்வதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சொல் ஒன்றாக இருந்தால் போதுமா, பொருள் வேறல்லவா? இஸ்லாமியரின் இறைவன் இணையற்ற ஒருவன். கிறிஸ்தவர் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்கிறார். ஸ்ரீவைஷ்ணவருக்குத் திருமகளோடு சேர்ந்தே பரம்பொருள். இவர்கள் எல்லோரும் ‘இறைவன்’ என்று சொல்வது ஏமாற்று அல்லவா என்கிறார்கள். நான் இதை எதிர்த் திசையிலிருந்து பார்க்கிறேன். இறைவன் உருவமற்றவன் என்று ஒருவர் சொல்ல, இல்லை, அவன் அடியாருக்காக உருவம் கொள்வான் என்று இன்னொருவர் மறுக்க வேண்டுமானால், ‘இறைவன்’ என்ற எழுவாய் இருவருக்கும் ஒன்றாக இருந்தே தீர வேண்டும். இல்லையென்றால் ஒருவர் மாமரத்தையும் இன்னொருவர் மாட்டுவண்டியையும் பற்றிப் பேசிவிட்டுப் போவார்கள். அங்கே உடன்பாடும் இல்லை, வாதமும் இல்லை. வேறுபாடு பயனிலையில் இருக்கிறது. திருக்குறளின் ‘எண்குணத்தான்’ நல்ல சான்று. எட்டுக் குணங்கள் எவை என்பதில் சைவரும் சமணரும் ஆளுக்கொரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான் நூற்றாண்டுகளாக உரையும் மறுப்புரையும் வளர்ந்தன. பொதுச் சொல் இருந்ததால் சண்டைகூட அறிவுள்ளதாக இருந்தது.

இரண்டாவது மறுப்பு கசப்பானது: சொல்லை எடுத்துக்கொள்வது ஆளைப் பிடிக்கும் தந்திரம் என்பது. 1606இல் மதுரைக்கு வந்து, காவி உடுத்தி, தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்ட கத்தோலிக்க மிஷனரி ராபர்ட் தெ நோபிலி மீது அவர் காலத்திலேயே பழி எழுந்தது. பழித்தவர்களில் அவருடைய சபையினரும் இருந்தார்கள். இந்த அச்சத்தை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். ஆனால் தான் யார் என்பதை ஒருவர் மறைத்தால், குற்றம் மறைத்ததில்தான். அவர் ‘இறைவன்’ என்று உச்சரித்ததில் இல்லை. சொல்லைத் தடை செய்து வஞ்சகத்தை ஒழிக்க முடியாது. 1715இல் பாப்பரசர் 11ஆம் கிளமென்ட், சீனக் கிறிஸ்தவர்கள் கடவுளை ‘தியென்’ என்றும் ‘ஷாங்தி’ என்றும் அழைக்கக் கூடாது என்ற தடையை உறுதிசெய்தார். கோபமடைந்த சீனப் பேரரசர் அந்தச் சமயப் பிரசாரத்துக்கே கதவை மூடினார். சொல்லுக்கு வேலி போட்டவர்கள் ஊரையே இழந்தார்கள்.

பெயர்களைப் பகிர்ந்தால் எல்லாச் சமயமும் ஒன்று என்று ஆகிவிடாதா என்பார் மூன்றாமவர். ஆகாது. ரங்கநாதர், தாயுமானவர், இயேசு என்பவை வரலாறும் தலமும் சுமந்த தனிப்பெயர்கள். அவற்றை மாற்றிப் போட யாரும் கேட்கவில்லை. இறைவன், ஆண்டவன், கடவுள் என்பவை பொதுப்பெயர்கள். இந்த வேறுபாட்டை நன்கு உணர்ந்தவர் திருச்சிக்கு அருகே குளத்தூரில் 1826இல் பிறந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை. அவர் கத்தோலிக்கர், கடைசிவரை கத்தோலிக்கராகவே இருந்தார். 1878இல் அவர் வெளியிட்ட ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்’ எந்தச் சமயத்தாரும் தம் கடவுளை நினைத்துப் பாடுவதற்காக எழுதப்பட்டவை. கர்நாடக இசைக் கச்சேரிகளில் அவை இன்னும் ஒலிக்கின்றன. சைவரான திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவரைப் பாட்டுடைத் தலைவனாக வைத்துக் ‘குளத்துக்கோவை’ பாடினார். இருவரும் தத்தம் சமயத்தை விடவில்லை.

என் கவலை நீதிமன்றத்தைப் பற்றியது அல்ல, வீட்டைப் பற்றியது. தொழுகை, நோன்பு, வேதம், பள்ளிவாசல், கோயில், ஆண்டவன் எல்லாம் தமிழ்ச் சொற்களாகவோ தமிழில் கலந்தவையாகவோ இருப்பதால்தான், நத்தர்ஷா பள்ளிவாசலில் நடப்பது மலைக்கோட்டைக்காரருக்கு விளக்காமலே புரிகிறது. ஸ்ரீரங்கத்து மார்கழியின் பாவை நோன்பும் ரமலான் மாத நோன்பும் பெயரால் உறவு. தூய்மை என்ற பெயரில் இந்தச் சொற்களை ஒவ்வொன்றாக ‘இது அவர்களுடையது’ என்று ஒதுக்கிவைக்கும் பேச்சு எல்லாப் பக்கத்திலும் கேட்கிறது. உங்கள் பிள்ளை ‘ஆண்டவன் காப்பாற்றுவான்’ என்று சொன்னால் திருத்தாதீர்கள்.