எண்பது ஆண்டு மௌனம்

சென்ற பாடசாலை விடுமுறையில் நண்பர் ஒருவர் தந்த புத்தகமொன்றைப் படித்தேன். அதைச் சொன்னவர் எழுத்தாளரல்லர். நீர்க்குழாய் பொருத்தும் தொழிலாளி. ரிச்சர்ட் வான் எம்டன் என்னும் வரலாற்றாசிரியர் துணைநின்று எழுத, 2007 ஆம் ஆண்டில் அந்நூல் வெளிவந்தபோது கிழவருக்கு வயது நூற்றொன்பது. முதலாம் மகா யுத்தத்தின் அகழிகளில் நின்று போரிட்ட பிரித்தானியச் சிப்பாய்களுள் இறுதிவரை எஞ்சியிருந்தவர் என்று உலகம் அறிந்த ஹரி பாட்ச் என்பவரே அவர். அவர் போர்க்களத்தில் நின்ற காலம் சில மாதங்களே. அதைப்பற்றி வாய் திறவாதிருந்த காலமோ எண்பது ஆண்டுகள். இந்தக் கணக்குத்தான் என் மனத்தைப் பற்றிக்கொண்டது.

பாத் நகரை அடுத்த கூம் டவுன் என்னும் கிராமத்தில் 1898 ஜூன் 17 இல் அவர் பிறந்தார். கட்டடக் கல்லுக்குப் பேர்போன ஊர் அது. தந்தையும் கல் வேலையில் தேர்ந்த மேசன். மைந்தர் 1913 இல் பள்ளியை விட்டு, குழாய் வேலை பழகச் சென்றார். 1916 அக்டோபரில் கட்டாயச் சேவைக்கு அழைப்பு வந்தது. போருக்குப் போகும் ஆசை அவருக்குச் சிறிதும் இருக்கவில்லை. போனார், அவ்வளவே.

1917 ஜூனில் பிரான்ஸ் சேர்ந்தவரை ஓர் இயந்திரத் துப்பாக்கிக் குழுவில் ஐவருள் ஒருவராக அமர்த்தினர். வீட்டிலிருந்து எவருக்குப் பொதி வந்தாலும் ஐந்து பங்கு. அவர்களிடையே இன்னோர் உடன்பாடும் இருந்தது: தவிர்க்க முடியுமாயின் எவரையும் கொல்வதில்லை, காலைக் குறிபார்த்துச் சுடுவது. துப்பாக்கிமுனைக் கத்தியை நீட்டிக்கொண்டு தம்மை நோக்கி ஓடிவந்த ஜெர்மானியனையும் பாட்ச் தோளிலும் காலிலும் சுட்டு வீழ்த்தினாரேயன்றி உயிரைப் பறிக்கவில்லை. ஓயாத மழையும் பீரங்கிக் குண்டுகளும் பெல்ஜிய மண்ணைப் பெருஞ் சேறாக்கியிருந்த பாசென்டேல் போர் அது. தோள் முதல் இடுப்புவரை பிளவுண்டு கிடந்த படைவீரன் ஒருவன், தன்னைச் சுட்டுவிடும்படி அவர்களை இரந்தான். கைத்துப்பாக்கியை எடுக்குமுன்னரே, ‘அம்மா’ என்ற ஒரு சொல்லோடு அவன் உயிர் பிரிந்தது. அது வேதனைக் குரலன்று, எதிரே தாயைக் கண்டவனின் மகிழ்ச்சிக் குரல் என்கிறார் பாட்ச். இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்றுநேரம் முற்றத்தில் நடந்தேன்.

செப்டெம்பர் 22 ஆம் திகதி இரவு, தலைக்குமேல் வெடித்த குண்டொன்று ஐவருள் மூவரைச் சிதைத்துவிட்டது. பாட்சின் உடலிற் பாய்ந்த இரும்புத் துண்டை, மயக்கமருந்து இல்லாமலே, நால்வர் பிடித்துக்கொள்ள வைத்தியர் வெட்டி எடுத்தார். போர் முடிந்த செய்தி வந்தபோது அவர் இங்கிலாந்தில் உடல் தேறிக்கொண்டிருந்தார். நாடெல்லாம் நவம்பர் 11 ஐ நினைவுநாளாகக் கொண்டாட, அவருக்கு மட்டும் செப்டெம்பர் 22 தான் நினைவுநாள். அன்றைய தினத்தை அவர் தனியே கழிப்பார். ஏனென்று கேட்கத் தெரிந்தவர் வீட்டில் எவருமில்லை. 1919 இல் கைப்பிடித்து, 1976 வரை உடன்வாழ்ந்த மனைவியிடமும் அவர் போரைப்பற்றிப் பேசியதில்லை.

பேசாதிருந்த அவ்வாண்டுகளில் அவர் வேலை செய்தார். பிரிஸ்டல் சர்வகலாசாலையின் வில்ஸ் ஞாபகார்த்த மண்டபம், 215 அடி உயரக் கோபுரத்தோடு கூடியது. 1915 இல் தொடங்கிய கட்டட வேலை போரினால் அடுத்த ஆண்டே நின்றது. 1919 இல் மீண்டும் தொடங்கியது. அங்கு பாட்ச் ஏறத்தாழ நான்காண்டு உழைத்தார். 1925 இல் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் வந்து மண்டபத்தைத் திறந்துவைத்ததைக் கூட்டத்தில் ஒருவராக நின்று பார்த்தார். இரண்டாம் யுத்தத்தின்போது பாத் நகரில் தீயணைப்பு வேலை. 1963 இல் ஓய்வு. இரு புதல்வரும் அவருக்கு முன்னரே மாண்டனர்.

இங்கே என் குற்றமொன்றைச் சொல்லவேண்டும். 2010 ஆம் ஆண்டில் என் வகுப்பு மாணவருக்கு ‘என் வாழ்வில் மறக்க முடியாத நாள்’ என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தேன். வன்னியிலிருந்து புதிதாக வந்து சேர்ந்திருந்த ஒரு பையன் தலைப்பை மட்டும் அழகாக எழுதி, கீழே கோடிட்டு, பக்கத்தை வெறுமையாகவே கொடுத்துவிட்டான். சோம்பல் என்று கடிந்தேன். அவனும் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. ஆண்டுகள் பல சென்று, பாட்சின் நூலைப் படிக்கையிலேதான் அந்த வெறும் பக்கம் என் கண்முன் வந்தது.

முதியோர் இல்லத்தில் அவருடைய அறைக்கு எதிரே துணிகள் வைக்கும் அறை ஒன்று இருந்தது. இரவில் எவரேனும் அங்கே விளக்கைப் போட்டால், அரைத்தூக்கத்தில் கிடக்கும் கிழவருக்கு அது வெடிக்கும் குண்டின் ஒளியாகத் தோன்றுமாம். நூறு வயதாகியும் அந்த இரவு அவரை விடவில்லை. அவ்வயதில், 1998 இல், தொலைக்காட்சியினர் தேடிவந்து கேட்டபோதுதான் முதன்முதலாக வாய் திறந்தார். அதன்பின் நிறுத்தவில்லை. போர் என்பது சட்டம் அனுமதித்த கொலை என்றும், அரசியல்வாதிகள் தம் வழக்கைத் தாமே தீர்த்துக்கொண்டிருக்கலாம் என்றும் கூசாமற் சொன்னார்.

2004 இல் அதே போர்க்களத்துக்குச் சென்று, எதிர்ப்பக்கத்தில் நின்ற சார்ள்ஸ் குன்ட்ஸ் என்பவரைச் சந்தித்தார். அவருக்கு நூற்றேழு, இவருக்கு நூற்றாறு. ஒருவர் ஒரு தகரம் பிஸ்கட் கொடுத்தார். மற்றவர் தம் ஊர் ஆப்பிள் மதுவில் ஒரு போத்தல் கொடுத்தார். அடுத்த ஆண்டில், தாம் குழாய் பொருத்திய அதே சர்வகலாசாலை அவருக்குக் கௌரவ முதுகலைமாணிப் பட்டம் வழங்கியது. 2008 இல் கோபுரத்தைப் புதுக்கியபோது, திறந்துவைக்க மன்னர் எவரையும் அவர்கள் தேடவில்லை. நூற்றொன்பது வயதுத் தொழிலாளியையே அழைத்தனர். வாழ்க்கை இத்தகைய நீதியை எப்போதாவதுதான் செய்கிறது.

2009 ஜூலை 25 இல் அவர் காலமானார். எங்கள் நாட்டில் யுத்தம் முடிந்து அப்போது இரண்டு மாதம். அந்நாட்களில் வேற்றுநாட்டுக் கிழவர் ஒருவரின் மரணச் செய்தியைப் படிக்கும் நிலையில் நான் இருக்கவில்லை.

ஆகஸ்ட் 6 இல் வெல்ஸ் பேராலயத்தில் நடந்த இறுதிச் சடங்கின்போது, பெல்ஜியம், பிரான்ஸ், ஜெர்மனி ஆகிய நாடுகளின் சிப்பாய்கள் இவ்விருவராகச் சவப்பெட்டியோடு நடந்தனர். ஆலய மணி நூற்றுப் பதினொரு முறை ஒலித்தது. அணிவகுப்புக்குரிய வாள்கூட அங்கு எவர் கையிலும் இருக்கவில்லை.